ஒஸ்லோவில் மூன்று நாள்: இந்தத் திட்டத்தில் எங்கெல்லாம் ஓட்டை?

#1 – கொடிவேரி

ஜூன் மூன்றாம் வாரம் ஒஸ்லோ. பெரியவர்கள் மூவர் (அம்மா சுத்த சைவம்), பிள்ளைகள் இருவர், வயது 7, 13. ஞாயிறு மதியம் இறங்கி புதன் இரவு கிளம்புகிறோம். சமையலறை உள்ள அப்பார்ட்மென்ட் எடுத்திருக்கிறோம். இப்போதைக்குத் திட்டம் இது:

ஞாயிறு: மளிகை வாங்குவது, ஓய்வு.
திங்கள்: வைக்கிங் கப்பல் மியூசியம், மாலையில் நேஷனல் மியூசியம்.
செவ்வாய்: ஃபியோர்டு (நிலத்துக்குள் நீண்டு நுழையும் கடல்) பார்க்க ஃப்ளோம் போய்த் திரும்புவது.
புதன்: மூங்க் மியூசியத்தில் 'அலறல்' ஓவியம், விகெலான் பூங்கா, படகு சவாரி, அப்படியே ஏர்போர்ட்.

எது தேறாது என்று கறாராகச் சொல்லுங்கள். "போய் நன்றாக அனுபவியுங்கள்" என்பதைச் சொந்தக்காரர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

#2 – வடமுனை

கறாராய்க் கேட்டபடியால் கறாராய்ச் சொல்லுறன். நாலு நாளிலையும் நாலு ஓட்டை.

ஞாயிறு: பெரிய கடையள் எல்லாம் பூட்டு. இது கடைக்காரரின்ரை சோம்பலில்லை, சட்டம். 100 சதுர மீட்டருக்கு உட்பட்ட சின்னக் கடையளும் ஸ்டேஷன், பெற்றோல் நிலையம் மாதிரியான இடங்களும்தான் திறக்கலாம். அங்கை பாலும் பாணும் கிடைக்கும், ஆனால் விலை ஏறத்தான் இருக்கும். ஒரு கிழமைச் சாமானை ஞாயிறு வாங்கலாம் எண்டு நினைச்சால் கையிலை ஒரு பைக்கற் பிஸ்கட்டோடைதான் வருவீங்கள். முதல் இரவுக்கும் திங்கள் காலைக்கும் தேவையானதைக் கொண்டு வாங்கோ, மிச்சத்தைத் திங்கள் காலையிலை கீவி, ரேமா 1000, கோப் எக்ஸ்ட்ரா எண்ட மலிவுக் கடையளிலை எடுக்கலாம்.

திங்கள்: வைக்கிங் கப்பல் மியூசியம் 2022 செப்டம்பரிலை பூட்டினது. அதே இடத்திலை பெரிசாய்க் கட்டி 2027இலை புதுப் பெயரோடை திறக்கிறதுதான் திட்டம். பழைய பயணக் குறிப்புகள் எல்லாத்திலையும் அது இன்னும் முதலாம் இடத்திலைதான் நிக்குது, அதுதான் சிக்கல். நேஷனல் மியூசியம் திங்களிலை பூட்டு. ஆகத் திங்களுக்கு நீங்கள் வைச்ச ரெண்டும் இல்லை.

வைக்கிங் சாமான் பாக்கவேணுமெண்டால் நகர நடுவிலை, நஷனல் தியேட்டருக்குக் கிட்ட வரலாற்று மியூசியம் இருக்கு. யெர்முன்புவிலை கிடைச்ச தலைக்கவசம் அங்கைதான். வைக்கிங் காலத்துத் தலைக்கவசங்களிலை ஏறக்குறைய முழுசாய்க் கிடைச்ச மிகச் சிலதிலை அது ஒண்டு. அதிலை கொம்பு இல்லை. பிள்ளையளிட்டை முதலே சொல்லி வையுங்கோ, இல்லாட்டி அங்கை நிண்டு கொம்பு எங்கை எண்டு கேப்பினம்.

செவ்வாயையும் புதனையும் மற்றவை சொல்லட்டும்.

#3 – பிளாட்ஃபாரம்_19

வடமுனை சொன்னது சரி. நான் வண்டி விஷயம் மட்டும்.

முதலில் விமான டிக்கெட்டில் ஏர்போர்ட் எது என்று பாருங்கள். கார்டர்முன் என்றால் நல்லது, நகரத்திலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். "ஒஸ்லோ டோர்ப்" என்று போட்டிருந்தால் அது ஒஸ்லோ அல்ல, சான்டஃபியூர் ஊரின் ஏர்போர்ட். தெற்கே 110 கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு மணி நேரம் ஓடிவிடும். மலிவு விமானத்தில் மிச்சம் பிடித்த காசு ஐந்து பேரின் பஸ் டிக்கெட்டில் கரைந்துவிடும்.

கார்டர்முன்னில் கண்ணில் முதலில் படுவது ஃப்ளிடோகெட் விரைவு ரயிலின் மெஷின்கள். அது 20 நிமிடத்தில் ஒஸ்லோ மத்திய நிலையம் சேரும். அதே நிலையத்திலிருந்தே கிளம்பும் வீ நிறுவனத்தின் சாதாரண ரயில் 23 நிமிடத்தில் சேரும், கட்டணம் ஏறத்தாழ பாதி. மூன்று நிமிடத்துக்கு இரண்டு மடங்கு. உங்கள் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை.

இங்கே நடக்கும் தவறு இரண்டு. ஒன்று, சாதாரண டிக்கெட்டை வாங்கிவிட்டு வந்த முதல் ரயிலில் ஏறுவது. அது விரைவு ரயிலாக இருந்தால் அந்த டிக்கெட் செல்லாது. போர்டில் வண்டியின் பெயரைப் படித்துவிட்டு ஏறுங்கள். இரண்டு, வழியில் இருக்கும் விரைவு ரயில் கார்டு ரீடரில் "சும்மா தட்டிப் பார்ப்பது". தட்டினால் டிக்கெட் எடுத்தாயிற்று என்று அர்த்தம்.

நகரப் போக்குவரத்து நிறுவனமான ரூட்டரின் டிக்கெட் செயலியைக் கிளம்பும் முன்பே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒஸ்லோ நகரம் முழுக்கக் கட்டண மண்டலம் 1. ஏர்போர்ட் இருப்பது மண்டலம் '4 வடக்கு'. மண்டலம் 1 டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஏர்போர்ட் ரயிலில் உட்கார்ந்தால் பரிசோதகர் கணக்கில் நீங்கள் டிக்கெட் இல்லாத பயணிதான். அபராதம் தனி டிக்கெட்டின் இருபது மடங்குக்கு மேல். "டூரிஸ்ட், தெரியாது" என்பது அங்கே எடுபடாது. ஏற்கெனவே மண்டலம் 1 பாஸ் இருந்தால் மிச்ச மண்டலங்களுக்கு மட்டும் சேர்க்கை டிக்கெட் எடுக்கலாம்.

தனி டிக்கெட் ஒரு மண்டலத்துக்கு 60 நிமிடம் செல்லும். அதற்குள் மெட்ரோ, ட்ராம், பஸ், படகு எதில் வேண்டுமானாலும் மாறலாம். மூன்று தனி டிக்கெட் விலைதான் 24 மணி நேர டிக்கெட். மூன்று முறைக்கு மேல் ஏறும் நாளில் கண்ணை மூடிக்கொண்டு 24 மணி எடுங்கள். 6 வயதுக்குக் கீழே இலவசம், 6 முதல் 17 வரை சிறுவர் டிக்கெட், ஆகவே உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் டிக்கெட் வேண்டும்.

மெட்ரோ வரைபடத்தில் "ஒஸ்லோ மத்திய நிலையம்" என்று தேடினால் கிடைக்காது. அதன் மெட்ரோ ஸ்டாப் பெயர் யார்ன்பானெதோர்கெ. மாயோர்ஸ்டூவன் முதல் தோயன் வரை ஐந்து மெட்ரோ பாதைகளும் ஒரே சுரங்கத்தில்தான் ஓடும், ஒரே பிளாட்ஃபாரத்தில்தான் வரும். எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, கடைசி ஸ்டேஷன் பெயரையும் பாருங்கள்.

#4 – கொடிவேரி

டோர்ப் இல்லை, கார்டர்முன்தான். பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. வைக்கிங் மியூசியம் இல்லை என்றால் திங்களுக்கு அது இருக்கும் பிக்டோய் தீபகற்பத்துப் பக்கமே போக வேண்டாமா?

#5 – வடமுனை

போங்கோ. பிக்டோயிலை அது ஒண்டு மட்டும்தானே பூட்டு. துருவக் கடலுக்குப் போன ஃப்ராம் கப்பல் முழுசாய் ஒரு கட்டிடத்துக்குள்ளை நிக்குது, உள்ளுக்கை ஏறி அறை அறையாய்ப் பாக்கலாம். உங்கடை ரெண்டு வயதுக்கும் அதுதான் பொருத்தம். கோன்-டிக்கி எண்ட தெப்பத்தின்ரை மியூசியம் பக்கத்திலை. நாட்டார் மியூசியம் திறந்தவெளி, 1200ஆம் ஆண்டளவிலை கட்டின மரத்தேவாலயம் ஒண்டைக் கோல் எண்ட ஊரிலையிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைச்சிருக்கினம். கோடைத் திங்களிலை இதெல்லாம் திறந்திருக்கும்.

30ஆம் இலக்க பஸ் எடுங்கோ. நாட்டார் மியூசியம் ஒரு தரிப்பு, ஃப்ராம், கோன்-டிக்கி கடைசித் தரிப்புப் பக்கம். ரெண்டுக்கும் இடையிலை அம்மாவை நடக்க விடாதேங்கோ, திரும்பவும் பஸ்ஸிலை ஏறுங்கோ.

#6 – மலைப்பாதை

ஃப்ளோம் கணக்கு.

ஒஸ்லோவிலிருந்து மீர்டால் வரை பெர்கன் ரயிலில் நாலே முக்கால் மணி நேரம். அங்கே மாறி ஃப்ளோம் மலை ரயில், 20 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். காத்திருப்பு சேர்த்தால் போக ஆறு மணி. திரும்ப ஆறு. ஃப்ளோமில் இறங்கி படகில் நேரோய்ஃபியோர்டு பார்த்துவிட்டு வோஸ் வழியாகத் திரும்பினால் மொத்தம் 16 மணி நேரம். காலை ஆறரைக்கு ரயிலில் உட்கார்ந்து இரவு பத்தரைக்கு மேல் இறங்குவீர்கள். 7 வயதுப் பிள்ளையோடும் வயதான அம்மாவோடும் இது சுற்றுலா இல்லை, தண்டனை.

ஒஸ்லோ ஒரு ஃபியோர்டின் தலையில்தான் இருக்கிறது. ஆனால் படத்தில் பார்க்கும் செங்குத்துப் பாறையும் அருவியும் மேற்குக் கரையில். ஒஸ்லோ ஃபியோர்டு தாழ்வான தீவுகளும் காடும் கொண்டது. அதற்கு ஒரு அழகு உண்டு, ஆனால் நீங்கள் தேடுவது அதை அல்ல.

ஃப்ளோம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒரே வழி, பயணத்தின் கடைசியில் பெர்கன் போய் அங்கிருந்து விமானம் ஏறுவது. அப்போது அந்தப் பாதை ஒருவழிப் பயணமாகிவிடும்.

#7 – சாளரம்

மலைப்பாதை சொல்வதில் பாதிதான் ஏற்பு. பெரியவர் இருவர் மட்டும், ஜூன் மாதம், ஜன்னலோரம் உட்கார்ந்தே ரசிப்பவர்கள் என்றால் அந்த 16 மணி நேரமும் வீணில்லை. இரவு பதினொன்றுக்குக்கூட வெளியே வெளிச்சம் மிச்சம் இருக்கும், திரும்பும் வழியும் கண்ணுக்குத் தெரியும். குளிர்காலத்தில் இதே பயணம் பாதி இருட்டில் போகும். இந்தக் குடும்பத்துக்கு வேண்டாம் என்பதில் மட்டும் எனக்கும் மறுப்பில்லை.

#8 – மலைப்பாதை

சரி, இருவருக்கு என்றால் ஒப்புக்கொள்கிறேன். டிக்கெட்டைப் பல வாரம் முன்பே எடுத்திருந்தால் மட்டும். கடைசி நாளில் வாங்கும் ரயில் டிக்கெட் விலை வேறு உலகம்.

கொடிவேரிக்கு மாற்று: துரோபாக். ஒஸ்லோ பஸ் நிலையத்திலிருந்து 500ஆம் எண் பஸ், ஏறத்தாழ ஒரு மணி நேரம். மண்டலம் 1க்கு வெளியே, கூடுதல் மண்டலம் சேருங்கள். அங்கிருந்து சின்னப் படகில் ஆஸ்கர்ஸ்போர்க் கோட்டைத் தீவு. 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மானியப் போர்க்கப்பல் ப்ளூஷர் அங்கேதான் மூழ்கடிக்கப்பட்டது. பீரங்கிகள் இன்னும் அதே இடத்தில் நிற்கின்றன. 13 வயதுக்காரருக்கு இது ஃப்ளோமைவிடப் பிடிக்கலாம்.

#9 – சில்லறை

காசு விஷயத்தை யாரும் தொடவில்லை.

நோட்டு மாற்றிக்கொண்டு போகாதீர்கள். யூரோ செல்லாது, நார்வே குரோனர் மட்டும். 2024 அக்டோபர் முதல் கடைகள் ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று சட்டம் இறுக்கப்பட்டது, ஆனால் மெஷினும் செயலியும் ரொக்கம் வாங்காது. உள்ளூர்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் "விப்ஸ்" என்பார்கள், போனில் பணம் கட்டும் செயலி அது. அதற்கு அந்த நாட்டு வங்கிக் கணக்கு வேண்டும், உங்களால் முடியாது. சந்தை மேசைகளில் "விப்ஸ் மட்டும்" என்று எழுதியிருந்தால் கார்டு மெஷின் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், சாப்பிட்ட பிறகு கேட்காதீர்கள்.

இந்தியக் கார்டு என்றால் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டுக் கிளம்புங்கள். மெஷின் "ரூபாயிலா குரோனரிலா" என்று கேட்டால் எப்போதும் குரோனர். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது உங்கள் வங்கி அல்ல, அந்த மெஷின்காரர்.

இப்போது முக்கியமானது. உணவகத்தில் மெஷினை நீட்டுவார்கள். திரையில் 640 என்று இருக்கும், அடியில் ஒரு வெற்றுக் கட்டம். பலர் அதைப் பின் எண் கேட்கும் இடம் என்று நினைத்து நாலு இலக்கத்தை அடித்து பச்சை பட்டனை அழுத்திவிடுகிறார்கள். அது பின் எண் கேட்கவில்லை, டிப்ஸோடு சேர்த்து மொத்தத் தொகையைக் கேட்கிறது. உங்கள் பின் 7315 என்றால் 640 குரோனர் சாப்பாட்டுக்கு 7,315 குரோனர் கொடுக்கச் சம்மதித்துவிட்டீர்கள். பின் எண் அடுத்த திரையில்தான் வரும், நட்சத்திரக் குறிகளாக விழும். நீங்கள் அடிக்கும் எண் எண்ணாகவே திரையில் தெரிந்தால் நிறுத்துங்கள், சிவப்பு பட்டன். டிப்ஸாக 60 கொடுக்க நினைத்தால் 60 அல்ல, 700 என்று அடிக்க வேண்டும். டிப்ஸ் இல்லை என்றால் 640ஐயே அடியுங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். காபிக் கடையில் டிப்ஸ் கேட்கும் திரை வந்தால் வெட்கமில்லாமல் தாண்டிப் போகலாம்.

#10 – பச்சைமிளகாய்

சில்லறை அண்ணா, அந்தப் பின் எண் விஷயத்தைத் தனியாகப் பெரிய எழுத்தில் போட்டு இழையின் தலையில் ஒட்டிவையுங்கள்.

அம்மாவுக்கான சாப்பாடு. வடமுனை "கொண்டு வாங்கோ" என்றார், அதில் ஒரு கொக்கி. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியேயிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகத் தடை. அம்மா கட்டிவைக்கும் நெய், பால்கோவா, பனீர் எல்லாம் இதில் வரும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அரிசி, அவல், ரவை, தேங்காய் எண்ணெயில் செய்த தின்பண்டம் போன்றவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரவுக்குப் புளிக்காய்ச்சலும் ஒரு படி அரிசியும் போதும்.

கடையில் பால் வாங்கும்போது கவனம். ஹெல்மெல்க் முழுக்கொழுப்புப் பால், லெட்மெல்க் கொழுப்புக் குறைந்தது. குல்டூர்மெல்க் என்று அதே மாதிரி அட்டைப் பெட்டியில், அதே அலமாரியில், பக்கத்திலேயே இருக்கும். அது புளிக்கவைத்த பால். காபியில் ஊற்றினால் திரிந்துபோகும். தெரிந்து வாங்கினால் லாபம், கொஞ்சம் தண்ணீரும் உப்பும் சேர்த்துப் பெருங்காயம் கிள்ளிப்போட்டால் மோர் கிடைத்துவிட்டது. தயிருக்குச் சர்க்கரை சேர்க்காத வெறும் யோகர்ட் வாங்குங்கள்.

பழுப்பு நிறத்தில் சோப்புக்கட்டி போல இருப்பது ப்ரூனோஸ்ட், பாலைத் திரித்த தெளிநீரைச் சுண்டக்காய்ச்சிச் செய்வது. இனிக்கும். கெட்டுப்போகவில்லை.

உணவுப் பொட்டலத்தின் சேர்மானப் பட்டியலில் ஸ்வீன் என்றால் பன்றி, ஸ்தூர்ஃபெ என்றால் மாடு, ஷில்லிங் என்றால் கோழி. மிட்டாய், புட்டிங் வகைகளில் ஜெலட்டின் இருக்கிறதா என்றும் பாருங்கள். கேமராவில் மொழிபெயர்க்கும் செயலி போதும்.

வெண்டைக்காய், கொத்தமல்லி, மசாலா எல்லாம் க்ரோன்லான் பகுதியில். மத்திய நிலையத்துக்குக் கிழக்கே மெட்ரோவில் ஒரே ஸ்டாப், நடந்தே போகலாம். தேடும்போது வரைபடம் கிரீன்லாந்தைக் காட்டினால் பதறாதீர்கள், இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

#11 – வடமுனை

பச்சைமிளகாய் சொன்னதோடை ரெண்டு சேர்க்கிறன்.

போத்தல் தண்ணி வாங்காதேங்கோ. குழாய்த் தண்ணி மரிடால் ஏரியிலையிருந்து வருது, நல்ல குளிர்ச்சி, அப்பிடியே குடிக்கலாம். உணவகத்திலையும் குழாய்த் தண்ணி எண்டு கேளுங்கோ.

சோடாப் போத்தலிலை விலைப்பட்டையைவிட பில்லிலை கூட வந்தால் ஏமாத்தினம் எண்டு நினைக்காதேங்கோ. அது பான்ட், போத்தல் காசு: சின்னதுக்கு 2, அரை லீற்றருக்கு மேலை 3 குரோனர். வெறும் போத்தலைக் கடை வாசலிலை இருக்கிற மெஷினுக்குள்ளை விட்டால் காசு திரும்பும். நசுக்கக்கூடாது, லேபலைக் கிழிக்கக்கூடாது, கோட்டுக்குறியை மெஷின் வாசிக்கவேணும். முடிஞ்சதும் ரெண்டு பட்டன்: ஒண்டு துண்டு தரும், மற்றது செஞ்சிலுவைச் சங்க லொத்தருக்குப் போகும். மொழி தெரியாமல் பிள்ளையள் மற்றதை அமத்திவிட்டால் துண்டு வராது. தர்மம் எண்டு விடுங்கோ. துண்டைக் காசாளரிட்டைக் குடுத்தால் பில்லிலை கழிப்பினம்.

#12 – தெருக்கூத்தன்

ஆண்கள் கேட்கத் தயங்கும் கேள்விக்கு நானே பதில் போட்டுவிடுகிறேன். சூப்பர் மார்க்கெட்டில் 4.7 சதவீதம் வரையுள்ள பீர் மட்டும். வார நாளில் இரவு 8, சனிக்கிழமை மாலை 6. மணி அடித்ததும் அலமாரிக்குத் திரை விழும். ஞாயிறு கிடையாது. ஒயினும் அதற்கு மேற்பட்டதும் அரசின் வின்மோனோபோலெட் கடையில்தான், அது இன்னும் சீக்கிரம் மூடும், ஞாயிறு விடுமுறை. இறங்குகிற ஏர்போர்ட்டிலேயே வரியில்லாக் கடை இருக்கிறது, ஞாயிறு வருபவர்களுக்கு அதுதான் வழி. பூங்காவில் உட்கார்ந்து குடிப்பது சட்டப்படி தவறு.

#13 – சாளரம்

'அலறல்' பற்றி. நார்வே ஓவியர் மூங்க் அதைப் பல முறை செய்தார். புத்தகங்களில் பார்க்கும் 1893ஆம் ஆண்டு ஓவியம் இருப்பது நேஷனல் மியூசியத்தில். அதன் மேல் மூலையில் பென்சிலில் "பைத்தியக்காரன்தான் இதைத் தீட்டியிருக்க முடியும்" என்ற பொருளில் ஒரு வரி உண்டு. அதை எழுதியதும் மூங்க்தான் என்று 2021இல் கையெழுத்தை ஒப்பிட்டு உறுதிசெய்தார்கள். கண்ணைச் சுருக்கித் தேடினால் தெரியும்.

மூங்க் மியூசியத்தில் வேறு வடிவங்கள்: பிற்காலத்தில் வரைந்த ஓவியம், க்ரேயான் படம், அச்சுப் படம். மூன்றும் வெளிச்சம் பட்டால் மங்கும் என்பதால் இருட்டறையில் முறைவைத்து ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் காட்டுவார்கள். மற்ற இரண்டின் கதவு சாத்தியிருக்கும். ஓவியத்தைத் தேடிப் போனவர் அச்சுப்படத்தைப் பார்த்து ஏமாந்து திரும்புவது இதனால்தான். காத்திருந்தால் அடுத்த கதவு திறக்கும்.

இன்னொன்று, பழைய மூங்க் மியூசியம் தோயனில் இருந்தது. 2021 அக்டோபரில் ஒபேராவுக்குப் பக்கத்தில் பியோர்விகாவுக்கு மாறிவிட்டது. பழைய குறிப்பை நம்பி மெட்ரோவில் தோயன் போகாதீர்கள், மத்திய நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை.

இருப்பது ஒரே மியூசியத்துக்கான நேரம், அதுவும் 'அலறல்' மட்டும்தான் நோக்கம் என்றால் நேஷனல் மியூசியம். 18 வயதுக்குக் கீழே அங்கே கட்டணமும் இல்லை. செவ்வாய்க்கு வையுங்கள்.

#14 – கொடிவேரி

அப்படியானால் திங்கள் பிக்டோய், செவ்வாய் நேஷனல் மியூசியம், புதன் பூங்காவும் படகும். ஒஸ்லோ பாஸ் எடுக்கலாமா?

#15 – பிளாட்ஃபாரம்_19

எடுங்கள். 48 மணி நேரம். மியூசியமும் வண்டியும் அதிலேயே அடங்கும், ஒவ்வொரு முறையும் மெஷின் முன்னால் நிற்க வேண்டாம்.

#16 – சில்லறை

எடுக்காதீர்கள், முதலில் கூட்டிப்பாருங்கள். ஒரு நாளில் இரண்டு கட்டண மியூசியமும் நாலைந்து வண்டியும் இருந்தால்தான் பாஸ் தன் விலையை மீட்கும். விகெலான் பூங்கா இலவசம், இரவு பகல் திறந்திருக்கும். ஒபேரா கூரை, அகெர்ஷூஸ் கோட்டை வளாகம் இலவசம். புதன் முழுக்க உங்களுக்கு வண்டி டிக்கெட் தவிரச் செலவே இல்லை. திங்கள் மட்டும் மூன்று மியூசியம். ஆகவே 24 மணி நேர பாஸ், அதுவும் பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்குத் தனியாகக் கணக்குப் போடுங்கள். ஃப்ளிடோகெட் ரயில் எந்த பாஸிலும் சேராது.

பாஸ் மணிக்கணக்கு, நாள் கணக்கு அல்ல. திங்கள் காலை 11க்குத் தொடங்கினால் செவ்வாய் காலை 11க்கு முடியும். நேஷனல் மியூசியத்தைச் செவ்வாய் திறந்த கையோடு போய்விட்டால் அதுவும் இதே பாஸில் வந்துவிடும்.

#17 – பிளாட்ஃபாரம்_19

24 மணி நேரம், செவ்வாய் காலை வரை இழுப்பது, ஒத்துக்கொள்கிறேன். 48 என்ற என் பேச்சை வாபஸ் வாங்குகிறேன்.

#18 – வடமுனை

படகுச் சவாரிக்கு ஆளுக்கு நூற்றுக்கணக்கிலை குடுக்கிறதுக்கு முதல் இதைப் பாருங்கோ. ஆக்கர் ப்ரிக்கெயிலையிருந்து தீவுகளுக்குப் போற சாதாரண படகு ரூட்டர் மண்டலம் 1 ரிக்கற்றிலையே அடக்கம். ஹூவெடோயா கிட்ட, பத்து நிமிஷம்கூட இல்லை. 1147இலை தொடங்கின துறவிமடத்தின்ரை இடிபாடு, குளிக்கக் கடற்கரை, நிழல் மரம். 24 மணி ரிக்கற் இருந்தால் தீவு தீவாய்ச் சுத்தி வரலாம்.

கவனிக்க மூண்டு. வெயில் சனி ஞாயிறிலை படகு நிரம்பினால் மிச்ச ஆக்களைக் கரையிலை விட்டிட்டுப் போகும், உங்களுக்குப் புதன் எண்டபடியால் பயமில்லை. கடைசிப் படகு நேரத்தைச் செயலியிலை பாத்து வையுங்கோ. மூண்டாவது, உண்ணி. உயர்ந்த புல்லுக்குள்ளை ஓடிப்போட்டு வந்தால் பிள்ளையளின்ரை முழங்கால் மடிப்பு, கவட்டு, காதுக்குப் பின்பக்கம் பாருங்கோ. கடிச்சிருந்தால் எண்ணெய் பூசாதேங்கோ, நெருப்பு காட்டாதேங்கோ. மருந்துக்கடையிலை விக்கிற சின்னக் கவ்வியாலை தோலோடை ஒட்டிப் பிடிச்சு நேராய் இழுக்கவேணும். மருந்துக்கடையிலை வரிசை எண்டு ஆரும் நிக்கமாட்டினம். வாசலிலை இலக்கத்துண்டு மெஷின் இருக்கும், முதல் அதை எடுங்கோ, இல்லாட்டி நிண்டுகொண்டே இருப்பீங்கள்.

தீவிலை, காட்டிலை அடுப்பு மூட்டுற யோசனை இருந்தால் விடுங்கோ. ஏப்ரல் 15 தொடக்கம் செப்டெம்பர் 15 வரை காட்டுப்பக்கம் நெருப்புக்குத் தடை.

#19 – தெருக்கூத்தன்

ட்ராம் பற்றி யாரும் சொல்லவில்லையே. வரிக்கோட்டில் கால் வைத்தால் கார் நிற்கும், அந்த நாட்டில் அது உறுதி. இரண்டு நாளில் அந்தப் பழக்கம் உங்களுக்கும் வந்துவிடும். அங்கேதான் ஆபத்து. ட்ராம் நிற்காது, நிற்கவும் வேண்டியதில்லை. வரிக்கோட்டிலும் நடப்பவர்தான் ட்ராமுக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. புது நீல ட்ராம்கள் சத்தமே இல்லாமல் வரும். 7 வயதுப் பிள்ளையின் கையை விடாதீர்கள்.

மின் ஸ்கூட்டர்: ஒருவர் மட்டும். இருவர் ஏறினால் அபராதம். குடித்துவிட்டு ஓட்டினால் கார் ஓட்டியதற்குச் சமம், இரத்தத்தில் ஆல்கஹால் எல்லை ஆயிரத்துக்கு 0.2.

டாக்சி: 2020 நவம்பரில் கட்டுப்பாட்டைத் தளர்த்திய பிறகு நிறுவனத்துக்கு நிறுவனம் விலை வேறு. வரிசையில் முதலில் நிற்கும் வண்டியில்தான் ஏற வேண்டும் என்று கட்டாயமில்லை. ஏறும் முன் மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

#20 – பனிக்கூழ்

இழையைக் கொஞ்சம் திருப்புகிறேன், மன்னிக்கவும். டிசம்பரில் போனால் அரோரா (இரவு வானில் தோன்றும் வண்ண ஒளி) தெரியுமா?

#21 – மலைப்பாதை

அதை நம்பி ஒஸ்லோவுக்கு டிக்கெட் போடாதீர்கள். ஒஸ்லோ இருப்பது 60 பாகைக்குச் சற்றுத் தெற்கே, வடதுருவ வட்டத்துக்கு வெகு கீழே. அரோராவுக்கு ட்ரூம்சோ பக்கம் போக வேண்டும். நள்ளிரவுச் சூரியனும் ஒஸ்லோவில் கிடையாது, கோடையில் அங்கே இருப்பது இருட்டு குறைந்த இரவு மட்டும்தான்.

டிசம்பர் கடைசியில் சூரியன் ஒன்பதேகாலுக்கு வந்து மூன்றேகாலுக்குப் போய்விடும். வெளியிடங்களை 10க்கும் 3க்கும் நடுவில் வைத்துவிட்டு மியூசியத்தை இருட்டுக்கு ஒதுக்குங்கள். பனி உருகி மறுபடி உறையும் நாளில் நடைபாதை கண்ணாடியாக இருக்கும். ஷூவுக்கு அடியில் மாட்டும் ப்ரொட்டர் என்ற முள் பட்டை எந்த விளையாட்டுச் சாமான் கடையிலும் கிடைக்கும். கடைக்குள்ளே நுழையும்போது கழற்றிவிடுங்கள், வழவழத் தரையில் அதுவே வழுக்கும். ஒபேரா கூரை சலவைக்கல், சாய்வு வேறு. மழை நாளிலேயே வழுக்கும், உறைந்த நாளில் ஏறாதீர்கள்.

டிசம்பர் 10 அன்று நோபல் அமைதிப் பரிசு விழா நகர மண்டபத்தில். அன்றைக்கு உள்ளே சுற்றிப் பார்க்க முடியாது.

#22 – வடமுனை

மே மாசம் வாறவைக்கும் ஒண்டு: மே 17 அரசியலமைப்பு நாள். கார்ல் யோஹான் தெருவிலை பள்ளிக்கூடப் பிள்ளையளின்ரை ஊர்வலம், பாக்க வேண்டியது. ஆனால் கடை பூட்டு, நடு நகரத்திலை ட்ராம் வழி மாறும், உணவகத்திலை மேசை முன்பதிவு இல்லாமல் கிடையாது. ஈஸ்டருக்குப் பெரிய வியாழன் தொடக்கம் திங்கள் மட்டும் இதே கதை, இடையிலை சனிக்கிழமை மட்டும் கொஞ்ச நேரம் திறக்கும்.

#23 – கொடிவேரி

ஜூனில் இருட்டவே இருட்டாது என்கிறீர்கள். இரவுச் சாப்பாட்டுக்கு எத்தனை மணி வரை உணவகம் இருக்கும்? புதன் இரவு விமானம் 10 மணிக்கு மேல்தான், சூட்கேஸை எங்கே வைப்பது?

#24 – பச்சைமிளகாய்

வெளியே வெயிலைப் பார்த்து மாலை ஆறுதான் ஆகிறது என்று நினைப்பீர்கள், மணி ஒன்பதரை ஆகியிருக்கும். பல இடங்களில் அடுப்பை அணைத்திருப்பார்கள். ஏழரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். மலிவுக் கடைகள் வார நாளில் பத்து, பதினொன்று வரை இருக்கும். பிள்ளைகளைத் தூங்கவைக்கக் கண்பட்டை எடுத்துச் செல்லுங்கள். அதிகாலை நாலுக்கு முன்பே சூரியன் வந்துவிடும், எல்லா அப்பார்ட்மென்ட்டிலும் கனமான திரை இருக்காது.

#25 – பிளாட்ஃபாரம்_19

சூட்கேஸ் மத்திய நிலைய லாக்கரில், கார்டிலேயே கட்டலாம். ஐந்து பேரின் பெட்டி என்றால் இரண்டு பெரிய லாக்கர் வேண்டும், காலையிலேயே வையுங்கள், மதியம் பெரியது காலியாக இருக்காது.

ஏர்போர்ட் போகும் முன் என்டூர் செயலியில் அன்றைய ரயிலைப் பாருங்கள். கோடையில் தண்டவாளப் பராமரிப்புக்காக ஒஸ்லோ பக்கத்துப் பாதைகளைச் சில நாள், சில சமயம் வாரக்கணக்கில் மூடுவார்கள். பெரும்பாலும் ஜூன் கடைசியிலிருந்து. அப்போது திரையில் ரயிலுக்குப் பதில் "புஸ் ஃபோர் தோக்" என்று வரும், ரயிலுக்கு பதில் பஸ் என்று பொருள். பஸ் நிற்பது பிளாட்ஃபாரத்தில் அல்ல, நிலையத்துக்கு வெளியே. பயண நேரம் இரண்டு மடங்காகும். நீங்கள் மூன்றாம் வாரம், தப்பித்துவிடலாம். ஆனாலும் செவ்வாய் இரவே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

#26 – கொடிவேரி

பார்த்தேன். புதன் மாலைக்கு ரயில்தான் காட்டுகிறது. நெய் டப்பாவை வெளியே எடுத்து வைத்துவிட்டேன், அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.